அணிப் பட்டியலில் இன்னொருவர்

வட இங்கிலாந்தில் உள்ள எங்கள் ஊர் தார்ன்ராய்டில் எங்கும் எழுதி வைக்கப்படாத விதி ஒன்று உண்டு. ஆட்டத்தன்று விற்கப்படும் அணிப் பட்டியலில் ஏதேனும் ஒரு சட்டை எண்ணுக்கு நேரே ‘இன்னொருவர்’ என்று அச்சாகியிருந்தால், அந்தச் சட்டைக்குள் இருப்பவர் யார் என்று கேட்கக் கூடாது. தெரிந்தவர் சொல்லவும் கூடாது. யாரும் இதை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பற்கள் முளைப்பதுபோல அது தானாகவே எங்களுக்குள் முளைத்திருந்தது.

காரணம் எளிது. ரக்பி இரண்டு வகை. யூனியன் ரக்பி ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்கக் கூடாது; லீக் ரக்பி ஆடுகிற எங்கள் ஆட்கள் வாங்குவார்கள். யூனியன்காரர் ஒருவர் எங்கள் மைதானத்தில் சோதனைக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார் என்று வெளியே தெரிந்தால் போதும், அவருக்கு ஆயுள் தடை. ஆடுவதற்கு மட்டுமல்ல, தன் சொந்த ஊர்ச் சங்கத்தின் கூடத்தில் நின்று ஒரு கோப்பை பியர் குடிப்பதற்கும்தான். ஆகவே வேல்ஸிலிருந்து ரயிலேறி வந்து, தலைக்காப்பைப் புருவம்வரை இழுத்து மாட்டிக்கொண்டு, ஆடிவிட்டுப் போகிறவர்கள் எங்களுக்கு ‘இன்னொருவர்’ மட்டுமே. ‘இன்னொருவரே, ஓடு!’ என்று நாலாயிரம் பேர் சேர்ந்து கத்துவோம். அதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

1971 அக்டோபரில் அப்படி ஒருவர் ஐந்தாம் எண் சட்டையில் வந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மழையில் மைதானம் களியாகக் குழைந்திருந்தது. அந்த மனிதர் இடது கோட்டோரமாக இரண்டு முறை ஓடி இரண்டு ட்ரை போட்டார். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்துவது எவருக்கும் வாய்க்கக்கூடியதுதான். ஆனால் அவர் ஓடிய ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் வேலியருகே நின்று அணிப் பட்டியலை நீட்டினேன். பேனா இல்லை. கைப்பையில் இருந்த, புருவம் தீட்டும் பென்சிலைக் கொடுத்தேன்.

“உங்க பேரை எழுதுங்க.”

“எங்க அம்மா வெச்ச பேரை இங்க எழுத முடியாதுங்க,” என்றார், சேறு அப்பிய முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிய. ‘இன்னொருவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து எம்ரிஸ் மேடக் என்ற வேல்ஸ்காரர் எங்கள் சங்கத்தில் ஒப்பந்தமாகியிருப்பதாகச் செய்தி வந்தது. ஊரே தலையசைத்துக்கொண்டது. அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. நான் அவரைத் திருமணம் செய்துகொண்டேன்.

அந்த நாளிலிருந்து பன்னிரண்டு பருவங்கள். பகலில் சாயப்பட்டறையில் வேலை; செவ்வாயும் வியாழனும் பயிற்சி; ஞாயிறன்று ஆட்டம்; திங்களன்று வீங்கிய ஏதோவொன்றின் மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலம். மூக்கு மூன்று முறை உடைந்தது. முன்பற்கள் இரண்டும், சங்கத்தார் தேடிப் பார்த்தும் கிடைக்காமல், ஏதோ ஓர் ஊர் மைதானத்தில் புதைந்து கிடக்கின்றன. ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரர் என்று நான் நம்பி மணந்தவர் இரண்டே மாதங்களில் முன்வரிசைக்கு இடம்பெயர்ந்தார். அங்கே வேலை ஓடுவதல்ல, ஓடி வருகிறவரைப் பிடித்து மண்ணில் சாய்ப்பது. ஓர் ஆட்டத்தில் நாற்பது முறை சாய்ப்பார். அவற்றில் ஒன்றைக்கூட எந்தச் செய்தித்தாளும் எழுதாது.

இதை நான் அறிவேன்; ஏனெனில் அவரைப் பற்றிய ஒவ்வொரு துணுக்கையும் கத்தரித்துத் தேதியிட்டு ஒட்டி வைத்தவள் நான். ஒப்பந்தமான பிறகு அவர் ஆடிய ஆட்டங்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. போட்ட ட்ரைகள் பதினொன்று. முதல் நாள் ஒரே பிற்பகலில் இரண்டு. பிறகு பன்னிரண்டு ஆண்டுகளில் பதினொன்று.

“அன்னிக்கு ஓடின மாதிரி ஒரு தடவையாவது ஓடேன்,” என்று சனிக்கிழமைதோறும் சொல்வேன்.

“அன்னிக்கு நிறைய மழை,” என்பார் எம்ரிஸ்.

“மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியல. இருக்கலாம்.”

அன்று என்னிடம் என்ன சொன்னாய், ஞாபகமிருக்கிறதா என்று கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்வார். நான் அதையும் விதியின் கணக்கில் எழுதிக்கொண்டேன். இந்த ஊரில் ஓர் ஆணின் மௌனத்துக்கு எத்தனை மரியாதை!

1984 பிப்ரவரியில், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஆட்டத்தில், அவருடைய வலது முழங்கால் எதிர்ப்பக்கமாக மடிந்தது. இனி மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். தொடைவரை மாவுக்கட்டு.

சங்கக் கூடத்தில் கருவாலி மரப் பலகை ஒன்று தொங்குகிறது. முந்நூறு ஆட்டங்கள் ஆடியவர்களின் பெயர்கள் அதில் பொன்வண்ணத்தில் இருக்கும். எண்பத்தொன்பது ஆண்டுகளில் ஏழே பெயர்கள். எதற்குமே ஆசைப்படாதவர்போல நடந்துகொள்ளும் என் கணவர், கட்டுப்போட்ட காலுடன் ஒரு நாள் அந்தப் பலகையின் முன் தனியாக நின்று, ஏழாவது பெயருக்குக் கீழே உள்ள வெற்றிடத்தை விரல்களால் அளந்ததை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். நான்கு விரற்கடை. அளந்துவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஓர் ஆட்டம் குறைகிறது. அந்த ஓர் ஆட்டமோ என் ஒட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், புருவப் பென்சில் கையெழுத்தோடு இருக்கிறது! சங்கத் தலைவர் ஹெப்வர்த்திடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“மிஸஸ் மேடக், நான் இதைக் கேட்கவே கூடாது. ஆனா அவரா வாயைத் திறந்து ‘ஆமா, அது நான்தான்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எங்களுக்கு முந்நூறு. பெயர் எழுதுறவரைக் கூப்பிட்டுடுவேன். அவரைத்தான் ஏற்கெனவே தடை பண்ணியாச்சே, இனிமே யாருக்கு என்ன நஷ்டம்?”

யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இதைவிடத் தெளிவான வாதத்தை நான் நூல்களில்கூடப் படித்ததில்லை.

“ஒரு வார்த்தை,” என்றேன் அன்று மாலை. “‘ஆமா’ன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“எந்த ஆட்டத்தைச் சொல்ற?”

“எந்த ஆட்டமா? எம்ரிஸ், உனக்கு ஆயுள் தடை விழுந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. இனிமே உன்னைத் தூக்குலயா போடப் போறாங்க?”

“அதைப் பத்திப் பேசக் கூடாது.”

“உன்னைப் பத்தி நீயே பேசக் கூடாதா?”

“கட்டுக்குள்ள அரிக்குது. அந்தப் பின்னல் ஊசியைக் கொஞ்சம் குடேன்.”

கொடுத்தேன். அதை நான் எங்கே செருக விரும்பினேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்து உடுப்பறைக்குப் போனேன். வால்ட் முப்பது ஆண்டுகளாக அங்கே சட்டை மடிக்கிறார். 1971இல் ஆடியவர்களில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் கல்லறைக்கு. ஒப்பந்தம் போட்ட பழைய தலைவரும் இல்லை. உள்ளூரில் மிஞ்சிய ஒரே சாட்சி வால்ட்தான்.

“அன்னிக்கு அஞ்சாம் நம்பர் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. நான் சட்டை மடிக்கிறவன்.”

“அந்தச் சட்டையைக் கையில குடுத்ததே நீங்கதான்!”

“குடுத்தேன். உள்ள எவன் நுழையிறான்னு பார்க்க மாட்டேன். பார்த்திருந்தா இத்தனை வருஷம் என்னை வேலையில வெச்சிருப்பாங்களா?” ஒரு சட்டையின் கையை நீவினார். “அளவு வேணா ஞாபகம் இருக்கு. நடு அளவு.”

“அதனால என்ன?”

“ஒண்ணுமில்ல. உன் வீட்டுக்காரருக்கு நான் எப்பவும் எடுத்து வெக்கிறது பெரிய அளவுலயும் பெரிசு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா ஆம்பளைங்களும் நடு அளவுதான் வால்ட்.”

அவர் மடித்த சட்டையை அடுக்கில் வைத்தார். “நீ படிச்ச பொண்ணு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி முயற்சியாக, மனமில்லாமலே, என் கணவரின் அண்ணன் கெத்தினுக்குக் கடிதம் எழுதினேன். கெத்தின் எம்ரிஸைவிட இரண்டு வயது மூத்தவர். வேல்ஸில் அவர்களுடைய ஊர் யூனியன் சங்கத்தின் செயலாளர். அந்த ஜூனில் தலைவராகப் போகிறவர். மனமில்லாமல் என்று ஏன் சொன்னேன் என்றால், 1978இல் என் மாமனாரின் அடக்கத்துக்குப் பிறகு தேநீர் விருந்து அந்தச் சங்கக் கூடத்தில் நடந்தது. வாசலில் கெத்தின் நின்றிருந்தார்.

“உள்ள விட முடியாது தம்பி. விதி. நீ லீக் ஆடினவன்.”

“சரிண்ணே,” என்றார் எம்ரிஸ்.

தந்தையைப் புதைத்த அன்று என் கணவர் கார் நிறுத்துமிடத்தில் மழையில் நின்று, ஜன்னல் வழியாக யாரோ நீட்டிய பன்றியிறைச்சி சாண்ட்விச்சைத் தின்றார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் கத்தினேன். அவர் சாலையைப் பார்த்தபடி, “அவன் நிலைமை அப்படி, ஏவ்ரில்” என்று என் பெயரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். என்ன நிலைமை? கதவைத் திறந்துவிடக் கை இல்லாத நிலைமையா?

இருந்தும் எழுதினேன். ‘உங்கள் தம்பி ஒரு சொல்லைச் சொல்ல மறுக்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். பாராட்டு விருந்துக்கு வாருங்கள்.’ வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்.

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, நண்பகல். மூன்று மணி ஆட்டத்துக்கு முன்பு எம்ரிஸுக்குப் பாராட்டு விருந்து. கூடத்தில் எண்பது பேர். மாட்டிறைச்சி, மசித்த பட்டாணி, யாரும் குறை சொல்லத் துணியாத குழம்பு. சுவரில் பலகையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். பெயர் எழுதுகிறவர் அதன் கீழேயே அமர்ந்து, பொன்வண்ணக் குப்பியைத் தட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். எம்ரிஸின் பெயரைப் பென்சிலால் ஏற்கெனவே வரைந்துவிட்டாராம். ‘ஆமா’ என்ற சொல் வந்ததும் வண்ணம் பூச வேண்டியதுதான் பாக்கி.

கெத்தின் எங்கள் மேசையில் அமர்ந்தார். சட்டையில் சங்கச் சின்னம் இல்லை. முகத்தில் நிறமும் இல்லை. ஒல்லியான மனிதர், தட்டில் இருந்ததைத் தொடவில்லை. அண்ணனும் தம்பியும் தங்கள் மொழியில் அடிக்குரலில் ஏதோ வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வற்புறுத்துவதும் தம்பி தலையாட்டி மறுப்பதும் எனக்குப் புரிந்தது. முதல் முறையாக அந்த மனிதர்மேல் எனக்கு நன்றி தோன்றியது. வெல்ஷ் மொழியில் ‘ஆமா’ என்பதற்கு ஒற்றைச் சொல்லே இல்லை என்று எம்ரிஸ் முன்பு சொன்னதுண்டு. ஒரு மொழியிலேயே அந்தச் சொல் இல்லையென்றால், அதில் வளர்ந்தவரிடம் நான் எதை எதிர்பார்க்க முடியும்?

ஹெப்வர்த் எழுந்தார். முன்மேசையில் உள்ளூர்ச் செய்தித்தாளின் நிருபர் குறிப்பேட்டைத் திறந்தார்.

“நண்பர்களே, 1971 அக்டோபர். அன்னிக்கு இங்க ஒருத்தர் ஆடினார். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரே சொல்லணும்.” எண்பது பேரும் எம்ரிஸைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெருமுயற்சி செய்தார்கள். “அந்த முதல் ட்ரை எப்படின்னு கேளுங்க. வலது கோட்டோரமா பந்தை வாங்கினார்…”

இடது, என்று நான் மனதுக்குள் திருத்தினேன். எம்ரிஸ் திருத்துவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கை நான்காக வெட்டி, அதை எட்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.  அவர் வாழ்வின் சிறந்த ஓட்டத்தைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். இந்த மனிதர் கிழங்கு வெட்டுகிறார்!

“இடது,” என்றது ஒரு குரல்.

ஹெப்வர்த் நிறுத்தினார். “என்னங்க?”

“ஒண்ணுமில்லைங்க,” என்றார் எம்ரிஸ் அவசரமாக. “நீங்க சொல்லுங்க.”

“சரி. கடைசித் தடுப்பாளர் எதிர்ல வர்றார். நம்ம ஆள் பந்தைத் தூக்கிப் போடுற மாதிரி பாவனை காட்டி, அவரை அப்படியே ஏமாத்தி…”

“பாவனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!” கெத்தின் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. “அந்த ஆள் சேத்துல வழுக்கி விழுந்தாருங்க! நான் நேரா ஓடினேன், அவ்வளவுதான். ரெண்டாவது ட்ரைதான் நல்ல ட்ரை. அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க!”

மேசைக்கடியில் ‘டொக்’ என்று ஒலித்தது. மாவுக்கட்டுக் கால் அண்ணனின் முழங்காலைத் தாக்கிய ஒலி.

“உக்காரு கெத்தின்.”

“உக்கார மாட்டேன்டா.”

“ஜூன் மாசம் தலைவராகப் போற. உக்காருண்ணே.”

“பன்னெண்டு வருஷமா உக்காந்துதானே இருக்கேன்! ‘எனக்கு இந்த ஊர் ஒத்து வரல, என் தம்பியை எடுத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டு ரயிலேறினவன் நான். உன்னை வாசல்ல நிக்க வெச்சவனும் நான். இப்ப என் ஆட்டத்தையும் உன்கிட்ட குடுக்குறாங்க, அதையாவது ஒழுங்கா குடுக்குறாங்களா? வலது பக்கமாம்!”

அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்தப் பற்களையும் கண்களையும், சேறில்லாமல், பார்த்தேன்.

“நீங்க பேனா இல்லைன்னு புருவம் தீட்டுற பென்சிலைக் குடுத்தீங்க. எங்க அம்மா வெச்ச பேரை இங்க எழுத முடியாதுன்னு சொன்னேன்.”

நான் என் கணவரைப் பார்த்தேன். கிழங்கை வெட்ட இனி இடமில்லாததால் அவர் கத்தியைக் கீழே வைத்திருந்தார். ஓடியவர் அவர் இல்லை. நான் திருமணம் செய்துகொண்டது ஓடியவரை அல்ல; இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முறை மண்ணில் விழுந்தவரை. அவர் அதை ஒரு முறையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். முந்நூறு தேவைப்பட்டபோதும், நான் கரடியாகக் கத்தியபோதும், அடக்கத்தன்று மழையில் நின்றபோதும் சொல்லவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலிருந்தது. அதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்ய வேண்டும்போலிருந்தது. எண்பது பேர் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

அந்த எண்பது பேரோ அதற்குள் விதிக்குக் கீழ்ப்படிந்துவிட்டிருந்தார்கள். பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வால்ட் ஒரு கைத்துடைப்பானை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். ஹெப்வர்த் கண்ணாடியைக் கழற்றி, எதையும் பார்க்க முடியாதவர்போல நின்றார். பெயர் எழுதுகிறவர் பொன்வண்ணக் குப்பியின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். நிருபர் பென்சிலைக் குறிப்பேட்டின் மேல் வைத்துவிட்டு, குழம்பு எங்கே என்று தேடத் தொடங்கினார்.

“எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்க ஐயா,” என்றார் பின்வரிசையில் யாரோ, மிகுந்த கருணையோடு. “நீங்க சாப்பிடுங்க.”

“கேக்கலையா?” கெத்தின் நேராக நிருபரின் மேசைக்கு நடந்தார். பென்சிலை எடுத்து அவர் விரல்களுக்கிடையில் திணித்தார். குறிப்பேட்டைத் திருப்பி அவர்முன் வைத்தார்.

“எழுதுங்க. 1971 அக்டோபர். அஞ்சாம் நம்பர் சட்டை. ரெண்டு ட்ரை, ரெண்டும் இடது பக்கம். பேரு கெத்தின் மேடக். எழுதுறீங்களா, இன்னொரு தடவை சொல்லட்டுமா? கெத்தின் மேடக்!”